தி அம்பாசடர்ஸ் ஆஃப் டெத்: நாற்பது ஆண்டு நிறம் இழந்து கிடந்த கதை – பார்த்தவர்கள் எழுதுங்கள்

வெண்திரை

பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூவின் ஏழாவது சீசன் என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’. அடுத்தது ‘இன்ஃபெர்னோ’. கொஞ்சம் யோசித்தால் ‘சைலூரியன்ஸ்’. சீசனில் இருப்பதே நான்கு கதைகள்தான். அப்படியும் நான்காவதாக மிஞ்சி நிற்பது ‘தி அம்பாசடர்ஸ் ஆஃப் டெத்’. இந்த இழை அதற்கு மட்டும்.

1970 மார்ச் 21 முதல் மே 2 வரை சனிக்கிழமை மாலைகளில் பிபிசி1இல் ஏழு பகுதிகளாக வந்தது. டாக்டராக ஜான் பெர்ட்வீ, உடன் வேலைசெய்யும் விஞ்ஞானி லிஸ் ஷாவாக கரோலைன் ஜான், வேற்றுக்கிரக ஆபத்துகளைச் சமாளிக்கும் யூனிட் என்ற ராணுவப் படையின் தலைவர் பிரிகேடியராக நிக்கலஸ் கோர்ட்னி. இயக்கம் மைக்கேல் பெர்குசன். எழுதியவர் என்று திரையில் டேவிட் விட்டேக்கர் பெயர் மட்டும் வரும். அவர் முதலில் எழுதியது இரண்டாவது டாக்டருக்காக (நடிகர் மாறும்போது டாக்டரின் எண்ணும் மாறும், பெர்ட்வீ மூன்றாவது). அதைப் பூமியில் அடைபட்ட மூன்றாவது டாக்டருக்கும் யூனிட் படைக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. முதல் பகுதியில் ட்ரெவர் ரேயின் கை, மற்றவற்றில் பெரும்பாலும் மால்கம் ஹல்க்கின் கை. இருவர் பெயரும் எழுத்தாளராகத் திரையில் வராது.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். செவ்வாயிலிருந்து புறப்பட்ட ‘மார்ஸ் ப்ரோப் 7’ ஏழு மாதமாக ஒரு வார்த்தை பேசாமல் பூமிக்கு வந்துகொண்டிருக்கிறது. என்ன ஆயிற்று என்று பார்க்க ‘ரெக்கவரி 7’ கலத்தில் வான் லைடன் என்ற வீரர் போகிறார். இரண்டு கலங்களும் இணையும் நேரத்தில் காதைக் கிழிக்கிற ஓர் ஒலி. அது இரைச்சல் அல்ல, செய்தி என்று டாக்டர் பிடித்துவிடுகிறார். அதற்குப் பதில் கிளம்புகிற இடம் லண்டனில் ஒரு கிடங்கு! மீட்புக் கலம் தரையிறங்குகிறது, வழியில் கடத்தப்படுகிறது, திரும்பக் கிடைக்கிறது. அறுத்துத் திறந்தால் உள்ளே ஆளே இல்லை. ஓர் ஒலிப்பதிவுக் கருவிதான் வீரரின் குரலில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. விண்வெளி உடை போட்டுக்கொண்டு இறங்கிப் போனவர்கள் வேற்றுக்கிரகத் தூதர்கள் மூவர். கதிரியக்கம் இல்லாமல் அவர்கள் உயிர் தரிக்க முடியாது. அவர்கள் தொட்டால் மனிதன் உயிர் தரிக்க முடியாது. அவர்களைப் பிடித்துவைத்துக் கொலைக்கு ஏவுவது யார், எதற்காக என்பதுதான் மிச்ச ஐந்து பகுதி.

இழையில் ஒரே ஒரு வேண்டுகோள்: ‘அருமை’, ‘சூப்பர்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பகுதி, எந்தக் காட்சி, என்ன காரணம் என்று எழுதுங்கள். முடிவைச் சொல்லாமல் இந்தக் கதையைப் பாராட்ட முடியாது. ஆகவே பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாடாச்சுருள்

இந்தக் கதை பின்தங்கியதற்குக் கதையைவிடப் படச்சுருள்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி. ஆகவே நிறத்தைப் பற்றியே எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிபிசி1 நிறத்துக்கு மாறியது 1969 நவம்பரில். டாக்டர் ஹூ நிறத்தில் தயாரான முதல் சீசன் இது. ‘ஸ்பியர்ஹெட்’ வேலைநிறுத்தத்தால் முழுக்க 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது, அதனால் தப்பித்தது. மற்ற மூன்று கதைகளும் 2 அங்குல வீடியோ நாடாவில் முடிக்கப்பட்டவை. நாடா விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்து கொஞ்ச காலம் ஆனதும் அழித்து, மேலே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்கள். அம்பாசடர்ஸில் முதல் பகுதியின் நாடா மட்டும் அழிப்பிலிருந்து தப்பியது. டாக்டர் ஹூவில் அசல் நிற வீடியோ நாடாவிலேயே இன்றுவரை இருக்கிற பகுதிகளில் மிகப் பழையது அதுதான்.

இரண்டு முதல் ஏழு வரை மிஞ்சியவை கறுப்புவெள்ளை 16 மி.மீ. பிரதிகள். நிற ஒளிபரப்பு வராத நாடுகளுக்கு விற்க, தொலைக்காட்சித் திரையை ஃபிலிம் கேமராவால் படம்பிடித்து எடுத்தவை. இவை போக இன்னொரு மூலமும் உண்டு. எழுபதுகளில் அமெரிக்க நிலையங்களில் இந்தக் கதை நிறத்தில் ஓடியபோது வீட்டு ரெக்கார்டரில் ஒருவர் பதிந்து வைத்த நாடாக்கள். இதே வகை நாடாவை வைத்துத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ‘சைலூரியன்ஸ்’, ‘டேமன்ஸ்’, ‘டெரர் ஆஃப் தி ஆட்டன்ஸ்’ மூன்றையும் மீட்டார்கள். வழி எளியது: கூர்மையை ஃபிலிமிலிருந்து எடு, நிறத்தை நாடாவிலிருந்து எடு, ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்து. நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மனிதக் கண் பொருட்படுத்தாது. வெளிச்சத்தின் கூர்மை இருந்தால் போதும்.

அம்பாசடர்ஸில் இந்த வழி பாதியில் சிக்கிக்கொண்டது. பதிவானபோது சிக்னலில் குறுக்கீடு இருந்திருக்கிறது. படத்தின் குறுக்கே வானவில் பட்டைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்தில் கோளாறு என்றால் ஃபிலிம் காப்பாற்றும். கோளாறு நிறத்திலேயே இருந்தால் ஃபிலிமால் என்ன செய்ய முடியும்? ஆகவே 2002இல் வந்த வி.எச்.எஸ். பதிப்பில் தேறிய காட்சிகள் நிறத்தில், தேறாதவை கறுப்புவெள்ளையில் என்று கலந்து வந்தது. நடுக் காட்சியில் நிறம் செத்துப்போனால் எவ்வளவு நல்ல கதையும் பழுதான சரக்காகத்தான் தெரியும். ‘இழுவை’ என்ற பெயர் பரவியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

2012 டிவிடியில்தான் ஏழு பகுதியும் முழு நிறத்தில் வந்தது. அதற்குக் கைகொடுத்தது ‘குரோமா டாட்’ முறை. பிரிட்டன் பயன்படுத்திய பால் (PAL) வகை நிற ஒளிபரப்பில் நிறத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வரும். கறுப்புவெள்ளைத் திரையில் அந்த அலை மிக நுண்ணிய புள்ளிக்கோலமாகத் தெரியும். ஃபிலிமில் எடுக்கும்போது வடிகட்டி போட்டு அதை நீக்குவது வழக்கம். பல தடவை போடவில்லை. போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று: நிறம் முழுவதும் அந்தப் புள்ளிகளில் சங்கேதமாக ஃபிலிமிலேயே உட்கார்ந்திருந்தது. புள்ளியின் அழுத்தம் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். அதன் கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது, எந்த நிறம் என்று சொல்லும். சாம்பல் சுவரில் புள்ளியே இருக்காது. அடர்சிவப்புத் துணியில் அப்பட்டமாகத் தெரியும்.

எழுதுவதற்கு எளிது, செய்வதற்கு அப்படியில்லை. முதல் வேலை, ஃபிலிமை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து தொலைக்காட்சிப் படத்தின் 625 கிடைவரி அமைப்பை அப்படியே திரும்பப் பெறுவது. படக்குழாயின் வளைவு, ஃபிலிம் சுருக்கம், கேமராவின் சிறு ஆட்டம் எல்லாவற்றையும் நேராக்க வேண்டும். ஒரு புள்ளியின் அகலத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் நிறம் மாறிவிடும். அடுத்த சிக்கல் இதைவிட மோசம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ‘இதுதான் அளவுகோல்’ என்று ஒரு குறிப்பு அலை வரும். அது படத்துக்கு வெளியே இருப்பதால் ஃபிலிமில் விழவே இல்லை. குறிப்பு இல்லாமல் கட்டத்தைப் படித்தால் நான்கு விடை வரும், அதில் ஒன்றுதான் சரி. தவறாகத் தேர்ந்தால் மனித முகம் பச்சையாகும் அல்லது ஊதாவாகும். படத்தின் ஒரு மூலையில் சரியாக இருப்பது இன்னொரு மூலையில் தவறாகவும் போகும். ரிச்சர்ட் ரஸ்ஸல் எழுதிய மென்பொருள் இந்தத் தேர்வைச் செய்கிறது. அது தடுமாறுகிற இடங்களில் ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். புள்ளி பலவீனமான காட்சிகளுக்கு அந்த அமெரிக்க நாடாவின் நிறமும் உதவியது. ஆக நீங்கள் திரையில் பார்ப்பது இரண்டும் சேர்ந்த கலவை.

வேலை எவ்வளவு தேறியிருக்கிறது என்று நீங்களே சோதிக்கலாம். முதல் பகுதியில் விண்வெளிக் கட்டுப்பாட்டு அறைக் காட்சி ஒன்றை நிறுத்தி வையுங்கள். அதே அரங்கை மூன்றாம் பகுதியில் எடுத்து அருகில் வையுங்கள். முதலில் உள்ளது அசல் நாடா, பின்னது மீட்பு. முகத்தின் தோல்நிறம், சட்டையின் ஓரத்தில் நிறம் வழிவது, பெரிய ஒரே நிறப் பரப்புகளில் லேசான நடுக்கம் – இந்த மூன்றையும் பாருங்கள். வித்தியாசம் இருக்கிறது. கதையை மறிக்கிற அளவுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை

நாடாச்சுருள் சார், நிறத்தோடு நாட்காட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காம் பகுதி வந்தது 1970 ஏப்ரல் 11. அப்பல்லோ 13 ஏவப்பட்டதும் அதே நாள். பிரிட்டனில் மாலையில் டாக்டர் ஹூ முடிகிறது. எட்டேகாலுக்கு ஃபுளோரிடாவிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது. 13ஆம் தேதி ஆக்ஸிஜன் தொட்டி வெடிக்கிறது. 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை மூவரும் உயிரோடு கடலில் இறங்குகிறார்கள். மறுநாள் சனிக்கிழமை ஐந்தாம் பகுதி: டாக்டர் தனியாக ராக்கெட்டில் ஏறிப் போகிறார், எரிபொருளில் சதி நடந்து கலம் கட்டுப்பாட்டை இழக்கிறது. எழுதும்போது யாரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. அந்த வாரம் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி வெறும் சனிக்கிழமைப் பொழுதுபோக்காகப் பட்டிருக்காது.

எரிபொருள் சதி நுணுக்கமானது, ஊன்றிக் கவனிக்க வேண்டும். டாக்டரின் ராக்கெட் கிளம்புவதற்கு முன் ரீகன் என்ற கூலிக் குற்றவாளி உள்ளே நுழைந்து, ‘எம்3 வேரியன்ட்’ என்ற எரிபொருளின் அளவைக் கூட்டிவிடுகிறான். குறைக்கவில்லை, கூட்டுகிறான். குறைந்தால் ராக்கெட் கிளம்பாது, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கூடினால் கிளம்பும், ஆனால் நிற்காது. சூரியனை நோக்கிப் போய்விடும் என்பதுதான் பயம். விபத்துபோல் தோற்றம் தரும் கொலைக்கு இதைவிடச் சுத்தமான வழி உண்டா? ரீகனின் மூளைக்கு இது ஒரு சான்று.

இன்னொன்று. வேற்றுக்கிரகக் கலத்துக்குள் டாக்டர் காணாமற்போன மூன்று வீரர்களையும் பார்க்கிறார். தாங்கள் ஏற்கெனவே பூமிக்குத் திரும்பிவிட்டதாகவும், தனிமைப்படுத்தும் அறையில் இருப்பதாகவும், தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பதாகவும் அவர்கள் நம்புகிறார்கள். அப்பல்லோ 11 வீரர்களை நிலாக்கிருமி பயத்தில் 21 நாள் தனிமையில் வைத்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். அன்றைய பார்வையாளருக்குத் ‘தனிமை அறை’ என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. வேற்றுக்கிரகவாசிகள் அந்த நம்பிக்கையைக் கருணையால்தான் ஏற்படுத்தியிருக்கிறார்கள். பிணைக்கைதியைப் பயமுறுத்தாமல் வைத்திருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பூமியில் தூதர்களை அடைத்து வைத்தவர்களுக்கு அது தெரியவில்லை.

செவ்வாய்க்கு மனிதரை அனுப்பும் பிரிட்டன் என்கிற கற்பனையைப் பற்றியும் ஒரு வரி. நிஜத்தில் பிரிட்டன் தன் சொந்த ராக்கெட்டில் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது ஒரே ஒரு செயற்கைக்கோள்: 1971 அக்டோபரில் ‘ப்ராஸ்பெரோ’, ஆஸ்திரேலியாவின் வூமராவிலிருந்து. அதைச் சுமந்த ‘பிளாக் ஆரோ’ திட்டத்தை மூடுவதாக அறிவித்த பிறகுதான் அதுவும் கிளம்பியது.

பின்வரிசை

எல்லாரும் மாலை போடுகிறீர்கள், நான் கொஞ்சம் ஓட்டைகளைக் காட்டுகிறேன். பிடிக்காமல் இல்லை. ஓட்டை தெரிந்தே பிடிக்க வேண்டும்.

டால்டாலியன் என்ற விஞ்ஞானியைக் கவனியுங்கள். அரங்கில் எடுத்த காட்சிகளில் தடித்த பிரெஞ்சு உச்சரிப்பு. வெளிப்புறக் காட்சிக்குப் போனால் உச்சரிப்பு காணாமற்போகிறது. வெளிப்புறக் காட்சிகளை முதலில் எடுத்து முடித்துவிட்டு, வாரங்கள் கழித்து அரங்குக்கு வருவது அக்கால வழக்கம். இடையில் முடிவு மாறினால் இப்படித்தான் ஆகும். சரி, உச்சரிப்பை விடுங்கள். அவர் ஏன் சதியில் சேர்ந்தார்? எந்தப் பகுதியிலும் உருப்படியான பதில் இல்லை.

டாக்டர் இரண்டாம் பகுதியில் ஒலிநாடாவைக் கைக்குள்ளிருந்து மாயமாக மறையச் செய்கிறார். அந்த வித்தை அதன்பிறகு அவருக்கு எங்கேயும் நினைவு வருவதில்லை. லிஸ் ஷா கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. மூன்றாம் பகுதி முடிவில் துரத்தப்படுபவர், அதிலிருந்து கடைசிவரை பெரும்பாலும் கைதிதான். நடுவில் தப்புகிறார், மறுபடி மாட்டுகிறார். ஏழு பகுதிக் கதையில் இடம் நிரப்ப இது பழைய தந்திரம். ஆறாம் பகுதியில் டாக்டரையும் அதே இடத்துக்கு இழுத்து வருவது இன்னும் கொஞ்சம் அதிகம்.

ஆனால் கைகலப்புக் காட்சிகளைக் குறை சொல்ல முடியாது. ஹேவாக் என்ற சண்டைக்குழு. முதல் பகுதியின் கிடங்குச் சண்டை, இரண்டாம் பகுதியில் ஹெலிகாப்டரும் புகையுமாகக் கலத்தைக் கடத்துவது, மூன்றாம் பகுதியில் மார்லோ தடுப்பணை மேல் லிஸ் ஓடுவது – மூன்றுமே வெளிப்புறத்தில் எடுத்தவை. அணைக்கட்டுக் காட்சியில் தூரத்தில் தெரிவது பொய்முடி வைத்த ஆண் சண்டைக் கலைஞர், அருகில் வந்தால் கரோலைன் ஜான். எங்கே மாறுகிறது என்று தேடுவது ஒரு தனி விளையாட்டு. ரீகனின் வேனையும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பலகை சுழன்று வேறு கடைப் பெயருக்கு மாறும், நம்பர் பிளேட்டும் மாறும். அரசாங்கத்தின் ராக்கெட்டைவிட அந்த வேனுக்கு அதிகம் யோசித்திருக்கிறார்கள்.

வெண்திரை

பின்வரிசை சொன்ன ஓட்டைகள் அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். பல கை பட்ட கதை அப்படித்தான் இருக்கும். ஆனால் பல கை பட்டும் கலையாமல் நின்ற ஒன்று இருக்கிறது: ஜெனரல் கேரிங்டன்.

ஜான் அபினேரி அந்த வேடத்தை எப்படிச் செய்திருக்கிறார் என்று மறுபடி பாருங்கள். குரலை உயர்த்துவதில்லை. கண் உருட்டுவதில்லை. முந்தைய பயணமான மார்ஸ் ப்ரோப் 6இல் போனவர் அவர். அங்கே இந்த வேற்றுக்கிரகவாசிகள் தொட்டதில் உடன்வந்த வீரர் இறந்துபோகிறார். அவர்கள் கொல்ல நினைக்கவில்லை. தொட்டால் மனிதன் சாவான் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேரிங்டன் அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார். தூதர்களை அனுப்பச் சொல்லி ஒப்பந்தம் பேசி வரவழைப்பவரும் அவரே. வந்தவர்களைப் பிடித்து, கொலை செய்ய வைத்து, ‘பாருங்கள், இவர்கள் பகைவர்கள்’ என்று உலகத்துக்குக் காட்டி, போரைத் தொடங்குவது அவர் திட்டம். பணத்துக்காக ஆடுகிற ரீகன் அவருக்குக் கூலியாள். அமைச்சர் குவின்லன் பேரும் புகழும் வேண்டி உடந்தை, அவரும் நான்காம் பகுதியில் போய்விடுகிறார். மூவருக்கும் மூன்று நோக்கம். அதில் ஒருவர் மட்டும் முழுமனதோடு தான் செய்வது சரி என்று நம்புகிறார். ‘என் தார்மீகக் கடமை’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். அது சாக்கு இல்லை.

இதற்கு முந்தைய கதை ‘சைலூரியன்ஸ்’. ஹல்க் எழுதியது. அங்கேயும் இதே கேள்விதான்: பயந்தவர்கள் பேசுவார்களா, சுடுவார்களா? அங்கே சைலூரியன்கள் என்ற ஊர்வன இனம் இருக்கும் குகையைப் பிரிகேடியர் வெடிவைத்து மூடுகிறார், டாக்டர் வெறுத்துப்போகிறார். ஒரு வாரம் கழித்து அம்பாசடர்ஸ் தொடங்குகிறது. ஏழு வாரம் கழித்து இந்தத் தடவை பேச்சு ஜெயிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காமல் எதையும் முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது என்றே சொல்வேன்.

தொலைக்காட்சியையும் கவனியுங்கள். கதை தொடங்குவது ஒரு நேரடி ஒளிபரப்பில். செய்தியாளர் வேக்ஃபீல்ட் கேமராவைப் பார்த்து நமக்கு நிலவரம் சொல்கிறார். அந்த வேடத்தில் மைக்கேல் விஷர். ஐந்து ஆண்டு கழித்து இதே தொடரின் புகழ்பெற்ற வில்லன் டாவ்ரோஸாக முதலில் நடித்தவரும் இவரே. உச்சக்கட்டமும் நேரடி ஒளிபரப்புதான். உலகமே பார்க்கும்போது தூதரின் தலைக்கவசத்தைக் கழற்றிக் காட்ட வேண்டும், அந்த முகத்தைப் பார்த்ததும் மக்கள் போருக்குச் சம்மதிப்பார்கள் என்பது கேரிங்டனின் கணக்கு. வெடிகுண்டு இல்லை, கேமராதான் ஆயுதம். 1970இல் ஒரு குடும்ப நிகழ்ச்சி இதைச் சொல்லியிருக்கிறது. இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாமல் விட்டதற்குச் சுருள் மட்டும் காரணமா, நாமும் காரணமா?

முடிவில் கேரிங்டனைப் பிடித்து அழைத்துப் போகும்போது, உங்களுக்குப் புரிகிறதல்லவா என்கிற மாதிரி டாக்டரிடம் கேட்கிறார். புரிகிறது என்று டாக்டர் அமைதியாகச் சொல்கிறார். அவ்வளவுதான். கேலி இல்லை, உபதேசம் இல்லை. பிறகு தூதர்களைத் திருப்பி அனுப்பும் வேலையை விண்வெளிக் கட்டுப்பாட்டு மையத் தலைவர் கார்னிஷிடமும் லிஸ்ஸிடமும் விட்டுவிட்டு டாக்டர் வெளியே போய்விடுகிறார். வேற்றுக்கிரகக் கலத்துக்கும் பூமிக்கும் நடக்கும் கைதிப் பரிமாற்றத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. பாதியில் விட்டதுபோல் இருக்கிறது என்று பலர் குறைப்படுவார்கள். பேச வேண்டியவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்றால் டாக்டருக்கு அங்கே வேலை இல்லை. என் கணக்கில் பெர்ட்வீ காலத்தின் சிறந்த கடைசி நிமிடம் இது.

மேலூர்க்காரர்

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்குச் செய்முறை சொல்கிறேன். சரியாக வைத்துப் பார்க்காமல் ‘சுமார்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

முதலில், டைட்டிலைத் தாவிக் கடக்காதீர்கள். இந்தக் கதையில் மட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. தொடக்க இசையும் சுழல்கிற படமும் ஓடி, சட்டென்று நின்று, கதைக்குள் ஒரு சிறு காட்சி வரும். அதற்குப் பிறகுதான் கதையின் பெயர். முதலில் ‘தி அம்பாசடர்ஸ்’ என்று வரும், பின் ஓர் அதிரடி ஒலியோடு ‘ஆஃப் டெத்’ வந்து மோதும். இரண்டாம் பகுதியிலிருந்து போன வார முடிச்சும் அந்த இடத்தில்தான் அவிழும். ‘அறிமுகத்தைத் தவிர்’ பொத்தானை அழுத்தினால் முடிச்சின் விடையும் சேர்ந்து போய்விடும்.

ஏழு பகுதியையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். பகுதி ஒன்றுக்கு 25 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வாராவாரம் பார்ப்பதற்காகக் கட்டியது. தொடர்ந்து ஓட்டினால் லிஸ் மாட்டுவதும் தப்புவதும் மட்டும் மனதில் நிற்கும். 1–2 ஓர் இரவு, 3–4–5 ஓர் இரவு, 6–7 ஓர் இரவு. இரண்டாம் பகுதி ‘அறுத்துத் திறவுங்கள்’ என்பதோடு முடிகிறது, ஐந்தாம் பகுதி பெரிய வேற்றுக்கலம் நெருங்குவதோடு முடிகிறது. நிறுத்துவதற்கு இரண்டுமே சரியான இடம்.

இயக்கியில் செய்ய வேண்டியது: டிவிடியில் பார்த்தால் பிரிட்டன் அல்லது ஆஸ்திரேலியா வட்டு எடுங்கள். மூலம் 625 வரி, நொடிக்கு 50 புலம் (புலம் என்பது ஒன்றுவிட்டு ஒரு வரியை மட்டும் கொண்ட அரைப் படம்). அமெரிக்க வட்டு 525 வரிக்கு மாற்றியது, அசைவில் லேசான இழுப்பு வரும். கணினியில் ஓட்டினால், புலங்களை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் அமைப்பைப் போட்டே ஆக வேண்டும். புலத்துக்கு ஒரு படம் கொடுக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், விஎல்சி பிளேயரில் ‘யாடிஃப் 2எக்ஸ்’. ‘பிளெண்ட்’ வேண்டாம், இரண்டு புலத்தையும் குழைத்து நிழலாக்கிவிடும். ஒன்றுமே போடாவிட்டால் ஆள் கையை அசைக்கும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல்போலக் கோடு தெரியும்.

இதற்குக் காரணம் உண்டு. கறுப்புவெள்ளை ஃபிலிமில் அசைவு நொடிக்கு 25 படமாகக் குறைந்திருந்தது. அரங்கக் காட்சிகளில் காணாமற்போன அசைவைக் கணக்கிட்டு நிரப்பி மறுபடி 50 புலமாக்கியிருக்கிறார்கள். விட்ஃபயர் என்று அந்த முறைக்குப் பெயர். வெளிப்புறக் காட்சிகள் முதலிலிருந்தே ஃபிலிம், அவற்றை 25ஆகவே விட்டிருக்கிறார்கள். ஆகவே அரங்கத்திலிருந்து வெளியே போகும்போது அசைவின் தன்மை மாறுவது கோளாறு அல்ல, 1970இலும் அப்படித்தான் இருந்தது. தொலைக்காட்சியில் ‘மோஷன் ஸ்மூதிங்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இரண்டையும் ஒரே மாதிரி வழுவழுப்பாக்கிவிடும். பட விகிதம் 4:3. இருபக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். அகலத்துக்கு இழுத்தால் விண்வெளி உடைக்காரர்கள் குட்டையாகிவிடுவார்கள், பயம் போய்விடும்.

ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், குறிப்பாக ஹெட்ஃபோனில். முதல் பகுதியில் அந்தச் செய்தி ஒலி திடீரென்று வரும், நீளமாகவும் வரும்.

செவ்வாய்க்கிழமை

விண்வெளி உடை பற்றிச் சொன்னீர்கள். பெர்குசன் அவர்களை நடக்க வைக்கும் விதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரியன் தாழ இருக்கும்போது அதை நேராகக் கேமராவுக்கு எதிரே வைத்து, வெளிச்சத்துக்குள்ளிருந்து அவர்களை நடந்துவர வைக்கிறார். கவசக் கண்ணாடியில் வெளிச்சம் அடித்து முகம் தெரியாது. ஆடை சாதாரண விண்வெளி உடை, ராட்சத வேடத்துக்குச் செலவே இல்லை. தலைக்கவசம் கழலும் காட்சியைவிடக் கழலாத காட்சிகள்தான் மிரட்டும். கழற்றியபின் அந்த ஒப்பனை சுமார் ரகம். அதுவும் கதைக்கு உதவுகிறது: இந்த முகத்தைப் பார்த்தா போருக்குப் போவது?

டட்லி சிம்ப்சனின் இசையும் இதே மாதிரி எதிர்த் திசையில் போகிறது. கலங்கள் இணையும் இடத்தில் பதற்ற இசை வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது மெல்ல ஆடுகிற ஒரு மெட்டு.

பின்வரிசை

ஒப்புக்கொள்கிறேன். லெனாக்ஸ் சாவையும் யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். சிரில் ஷாப்ஸ் நடித்த பயந்த விஞ்ஞானி. மனம் மாறி லிஸ்ஸைத் தப்பவிட்டு, யூனிட்டிடம் வந்து பாதுகாப்புக் கேட்கிறார். பாதுகாப்புக்காகவே அறையில் அடைக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டோடு ஒரு கதிரியக்க ஐசோடோப் உள்ளே வருகிறது. கத்தலோ ரத்தமோ இல்லை. டாக்டர் ஹூவில் இவ்வளவு குரூரமான கொலை அதிகம் கிடையாது. யூனிட் படையின் பென்டன் சார்ஜென்ட்டாக முதலில் வருவதும் இதே ஐந்தாம் பகுதியில்தான். முந்தைய ‘தி இன்வேஷன்’ கதையில் அவர் கார்ப்பரல்.

அது சரி, மேலூர்க்காரரே, முடித்ததும் நேராக ‘இன்ஃபெர்னோ’வா?

மேலூர்க்காரர்

ஒளிபரப்பு வரிசையே நல்லது. முன்னால் ‘சைலூரியன்ஸ்’ ஏழாம் பகுதியையாவது பார்த்துவிட்டு அம்பாசடர்ஸ் தொடங்குங்கள், வெண்திரை சொன்ன காரணத்துக்காக. முடித்துவிட்டு ‘இன்ஃபெர்னோ’. அது 1970 மே 9இல் தொடங்கியது, அதுவும் ஏழு பகுதி. அதற்கும் அசல் நாடா இல்லை. வட அமெரிக்காவுக்காக 525 வரிக்கு மாற்றிய நிற நாடாக்கள் முழுசாகக் கிடைத்ததால் புள்ளி வேலை தேவைப்படவில்லை, மாற்றியதைத் திருப்பி மாற்றினால் போதுமாயிற்று. அம்பாசடர்ஸின் மூன்றாம் பகுதி, ‘இன்ஃபெர்னோ’வின் முதல் பகுதி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாடாச்சுருள் அவ்வளவு நீளம் ஏன் எழுதினார் என்று அப்போது தெரியும்.